ஒன்பதாம் பாடத்துச் சொற்கள்

என்னுடைய ஆங்கில வகுப்பு நெல்லியடிச் சந்தியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள். கனடாவில் இருக்கும் கணவனிடம் போகக் காத்திருக்கும் பெண்கள், லண்டனுக்குத் தாதி வேலைக்குப் போக முயலும் இரண்டு பேர், எதற்கும் இருக்கட்டும் என்று படிக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். அவர் அதே வகுப்பை மூன்றாவது தடவையாகப் படிக்கிறார். பாடப்புத்தகம் வெள்ளைக்காரர் எழுதியது. அதில் ஒன்பதாம் பாடம் குற்றம், பொலிஸ், தண்டனை பற்றிய சொற்கள். எட்டாம் பாடம் உல்லாசப் பயணம். பத்தாம் பாடம் உணவும் உடல்நலமும். இரண்டுக்கும் நடுவில் ஒருவன் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போய்த் திரும்பி வந்துவிடுவான்.

அந்தப் பாடத்தைப் பல வருடமாக ஒரே மாதிரித்தான் படிப்பித்தேன். ஒரு கள்ளன், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு பொலிஸ்காரர். கள்ளன் களவெடுப்பான், பொலிஸ் அரெஸ்ட் பண்ணும், நீதவான் சென்டென்ஸ் கொடுப்பார். கள்ளனுக்கு நான் தொப்பை வைத்துப் பலகையில் படம் கீறினால் வகுப்பு சிரிக்கும். வழக்கு முடியும்வரை உள்ளே வைக்கும் விளக்கமறியலில் தம்பி இருந்த வருடமும் அந்தப் பாடம் அதன் முறைக்கு வந்தது. எட்டு முடிந்தால் ஒன்பதுதானே. அதைத் தாண்டிப் பத்துக்குப் போனால் தபாலதிபர் விடமாட்டார்.

தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீடு கடற்கரை ஊரில். அப்பா இல்லை. அம்மா, நான், தம்பி. நான் படித்து டீச்சர் ஆனேன். அவன் படிப்பை விட்டுக் கடலுக்குப் போனான். எங்கள் வீட்டில் மீனும் வெளியே வாங்கத் தேவையில்லை, இங்கிலீசும் வெளியே வாங்கத் தேவையில்லை என்று அம்மா பகிடி விடுவா.

வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருப்பவரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். தம்பியும் இன்னும் மூன்று பேரும் ஒரு சம்மாட்டியின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். வலை, எஞ்சின், எண்ணெய்க் கான் எல்லாம் கரையில் ஓர் ஓலை வாடிக்குள் கிடக்கும். வாடிக்கு ஒரு பூட்டு, ஒரு திறப்பு. திறப்பு தம்பியிடம் இருந்தது. நாலு பேரிலும் குடிக்காதவன் அவன்தான் என்று சம்மாட்டியே அவன் கையில் கொடுத்தது.

வாடைக்காற்றுக்கு வள்ளங்கள் இறங்காமல் இருந்த ஒரு காலையில் பொலிஸ் வந்து வாடியைத் திறக்கச் சொன்னது. பழைய வலைக் குவியலுக்கு அடியில் ஒட்டுகிற பிளாஸ்டிக் ரேப் சுற்றிய பொதிகள் கிடந்தன. கேரளக் கஞ்சா. ஆர் வைத்தது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. வாடியின் பின்பக்க ஓலையை விலக்கினால் நாய்கூடப் போய்வரலாம். பூட்டு முன்பக்கத்துக்குத்தான். பொலிஸ் நாலு பேருடைய பெயரையும் எழுதிக்கொண்டு, கூப்பிட்டால் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் பொதிகளோடு போனது.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு பேரும் அம்மன் கோயில் வாசலில் நின்றார்கள். எங்கள் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் வாசலில் கற்பூரம் கொளுத்துவார்கள். சந்தேகம் விழுந்தவன் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, தான் செய்யவில்லை என்று சொல்லவேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவனைக் கடல் விடாது, அவன் இருக்கிற வள்ளத்தையும் விடாது என்பது நம்பிக்கை. அதனால் பொய்ச் சத்தியக்காரனோடு ஒருவரும் வள்ளம் ஏறமாட்டார்கள். இதை நம்புகிறாயா என்று என்னைக் கேட்கக்கூடாது. நான் இங்கிலீசு டீச்சர். ஆனால் அந்த வாசலில் பொய்க்குக் கற்பூரம் அணைக்க எனக்குத் துணிவு வராது.

நாலு பேரும் அணைத்தார்கள். தம்பி கடைசி ஆள். அவசரப்படாமல் கையை வைத்து, அணைந்த பிறகும் எடுக்காமல், "அம்மாளாச்சி அறிய நான் கொண்டுவரவும் இல்லை, வைக்கவும் இல்லை" என்று சொன்னான். கை பொக்களித்துப்போனது. அம்மா வீட்டில் தேங்காயெண்ணெய் பூசிவிட்டா. ஊர்ச்சனம் கலைந்து போனது. ஊரைப் பொறுத்தவரை வழக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

அடுத்த கிழமை, வாடித் திறப்பு வைத்திருப்பவர் ஸ்டேசனுக்கு வரவேண்டும் என்று பொலிஸ் ஆள் விட்டது. ஒரு அப்புக்காத்தைக் கூட்டிக்கொண்டு போ என்று நான் சொன்னேன். வழக்கறிஞர் என்ற சொல் புத்தகத்தில் இருக்கிறது, எங்கள் வாயில் இன்னும் அப்புக்காத்துதான்.

"நான் கற்பூரம் அணைச்சனான் அக்கா. பிறகேன் அப்புக்காத்து?" என்றான்.

"ஓமடி பிள்ளை, அவன் சொல்லுறது சரி, களவு செய்தவையெல்லோ அப்புக்காத்து பிடிக்கிறவை" என்று அம்மா சொன்னா. "தம்பி, நீ கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லிப்போட்டு வா."

இடுப்பில் அலம்பி மடித்த சாரம், நெற்றி நிறையத் திருநீறு, மடியில் திறப்பு. சைக்கிளில் போனான். திறப்பு ஆரிடம் என்று கேட்டார்கள், என்னிடம்தான் என்றான். வேறு யாரிடமாவது கொடுப்பதுண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றான். எல்லாம் உண்மை. அன்றைக்குப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. சைக்கிளை இரண்டு நாள் கழித்து நான் போய் உருட்டிக்கொண்டு வந்தேன். சஸ்பெக்ட் என்று நான் பலகையில் எழுதுகிற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். நீதவான் விளக்கமறியலில் வைக்கச் சொன்னார்.

பிறகு தவணைகள், வழக்கை இன்னொரு நாளுக்குத் தள்ளித் தள்ளிப் போடுவது. எங்களுக்கு ஆகக் கூடுதலாகத் தேவைப்பட்ட சொல் ஒன்பதாம் பாடத்தில் இல்லை. வெள்ளைக்காரரின் கள்ளனை இரண்டு பக்கத்துக்குள் பிடித்து, விசாரித்து, தண்டித்து, விட்டும்விடுகிறார்கள். எங்களுக்குத் தவணை போட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போவோம், மரவாங்கில் இருப்போம், அவன் மறியற்சாலை பஸ்ஸில் இருந்து இறங்குவதைப் பார்ப்போம், அடுத்த தவணை சொல்வார்கள், வருவோம். பெயில் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அம்மாவின் முழங்கால் அந்த வாங்குகளில்தான் கெட்டது. என் மனசோ, பல் டொக்டர் ஊசி போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது என்று தெரியும், கிள்ளினால் தெரியாது.

அந்த நிலையில்தான் பாடம் எடுத்தேன். றிமாண்ட் என்று எழுதி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். எல்லாரும் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மட்டும் கொப்பியைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. நீயும் சொல்லு என்று அவளிடம் சொன்னேன். சொன்னாள். உச்சரிப்புச் சரியாக இருந்தது. கள்ளனுக்கு அந்த முறையும் தொப்பை வைத்தேன்.

மறியற்சாலைக்குச் சாப்பாடு கொண்டுபோனால் வாசலில் காவலர் முன்னால் நாங்கள் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டவேண்டும். உள்ளே ஏதும் கலந்து கொண்டுபோகக் கூடாது என்பதற்காக. முதல் நாள் அது எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வீட்டில் சாப்பிடாமல் வெளிக்கிட்டு, அந்த வாசலில் தம்பியின் புட்டிலும் மீன்குழம்பிலும் ஒரு வாய் சாப்பிடுவேன். பல நாட்களில் எனக்குக் காலைச் சாப்பாடு அதுதான். "இண்டைக்கு உப்புக் கூட" என்று ஒருநாள் காவலரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். சிங்களவர் என்றாலும் அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்திருந்தது.

ஒருநாள், பெயில் கேட்க நாங்கள் பிடித்த அப்புக்காத்து எங்களைத் தன் கந்தோருக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவசரக்காரர். குற்றத்தை ஏற்றுக்கொண்டால், முதற்குற்றம் என்று சொல்லி, ஒத்திவைத்த தண்டனையும் தண்டப்பணமுமாக முடித்து வீட்டுக்கு அனுப்பக் கேட்கலாம் என்றார். ஏற்காவிட்டால் வழக்கு நடக்கும். நடந்தால் வெல்லலாம். எப்போது வெல்லலாம் என்று கேட்டேன். அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

அம்மாவுக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பஸ்ஸில் வரும்போதே தொடங்கிவிட்டா.

"சொல்லட்டும். வாயாலைதானே. என்ரை பிள்ளை செய்யேல்லை எண்டு அம்மாளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கோட்டுக்கு என்னத்தையும் சொல்லிப்போட்டு வரட்டும். நான் கண்ணை மூடமுன்னம் அவன் என்ரை வீட்டிலை படுக்கோணும்."

அதைத் தம்பியிடம் சொல்லவேண்டியவள் நான். பார்க்கிற இடத்தில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திக் கதைக்கிறார்கள். நானும் கத்தித்தான் சொன்னேன். ஒருவன் தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற விசயத்தை மீன் சந்தையில் விலை கேட்கிற மாதிரிக் கத்திச் சொல்லவேண்டி இருந்தது.

"குற்றவாளி எண்டு சொன்னால் விடுவினமாம். அப்புக்காத்து சொல்லுறார்."

"சொல்லாட்டில்?"

"வழக்கு நடக்குமாம். எவ்வளவு காலம் எண்டு தெரியாதாம்."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். பொக்களம் எப்போதோ ஆறி, தோல் கொஞ்சம் வெளிறி இருந்தது.

"நான் கற்பூரம் அணைச்சனான் அக்கா."

"தெரியும்."

"பிறகு இஞ்சை வந்து ஓம், நான்தான் எண்டு சொன்னால், ஊர் என்ன நினைக்கும்? நான் அம்மாளுக்கு முன்னாலை பொய் சொன்னனான் எண்டெல்லோ போகும். ஆர் என்னோடை வள்ளம் ஏறுவான்?"

நான் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினேன். அவனே திரும்பவும் கேட்டான்.

"அம்மா என்ன சொல்லுறா?"

"சொல்லிப்போட்டு வரட்டாம். தனக்குத் தெரியுமாம் நீ செய்யேல்லை எண்டு."

அதைக் கேட்டதும் அவனுடைய முகம் கொஞ்சம் இளகியது. அம்மாவுக்குத் தெரியும்தானே என்றான். இங்கிலீசில் அதற்கு என்ன என்று கேட்டான். கில்டி என்றேன். "சின்னச் சொல்லு" என்றான். நேரம் முடிந்தது என்று காவலர் தட்டினார்.

தவணை அன்று கோட்டில் சரியான சனம். தம்பி கூண்டில் நின்றான். மெலிந்து, தலைமயிர் வெட்டி, யாரோ கொடுத்த பெரிய சேட்டில் இருந்தான். குற்றப்பத்திரம் வாசித்தார்கள். எங்கள் நீதிமன்றங்களில் குற்றம் செய்யாதவனைச் சுற்றவாளி என்பார்கள். குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்டார்கள். அவன் நீதவானைப் பார்க்கவில்லை. பின்வாங்கில் இருந்த அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையை ஆட்டினா. சாப்பிட்டுவிட்டாயா என்று கேட்கும்போது ஆட்டுகிற மாதிரி, சும்மா மெதுவாக.

"குற்றவாளி" என்றான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அப்புக்காத்து எழுந்து முதற்குற்றம், வயதான தாய் என்றார். நீதவான் ஏதோ சொன்னார். கன்விக்ஷன், சஸ்பெண்டட் சென்டென்ஸ், ஃபைன் என்று ஒன்பதாம் பாடத்தின் கடைசிப் பக்கம் முழுவதும் என் தலைக்குள் வரிசையாக ஓடியது. ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியும். அதைவிட வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தண்டம் கட்டி, ஓட்டோ பிடித்து, மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு ஊருக்கு வந்தோம். அம்மா வழி முழுக்க அவனுடைய முழங்காலில் கையை வைத்திருந்தா.

ஊருக்குள் வந்ததும் கோயிலடியில் நிற்பாட்டச் சொன்னா. தம்பி இறங்கவில்லை.

"நீங்கள் போட்டு வாங்கோ" என்றான்.

அம்மா தனியாகப் போய்த் திருநீறு கொண்டுவந்து ஓட்டோவுக்குள் கையை நீட்டிப் பூசினா. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு கிழமை சொந்தக்காரர் வந்தார்கள், மெலிந்துபோனான் என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வாடை தணிந்து கடல் இறங்கக்கூடியதானது. தம்பி ஒரு விடியற்காலை எழும்பி வெளிக்கிட்டுக் கரைக்குப் போனான். வெயில் ஏறமுதல் திரும்பி வந்து படுத்துவிட்டான். அன்றைக்குப் பின்னேரம் சம்மாட்டி வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை கடலைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

"தங்கச்சி, எனக்கு ஒண்டுமில்லை" என்று கடைசியில் என்னிடம் சொன்னார். தம்பி உள்ளே படுத்திருந்தான், எல்லாம் கேட்கும். "மற்ற மூண்டு பேரும் ஏற மாட்டினமாம். அவன்ரை வாயாலைதானே கோட்டிலை சொன்னவன். கொஞ்ச நாள் பாப்பம்."

"அது அப்புக்காத்து சொல்லச் சொன்னது அண்ணை" என்றேன். எனக்குக் கோபம் வரவேண்டும். குரல் மட்டும்தான் கொஞ்சம் உயர்ந்தது. "விட்டுவிடுவினம் எண்டு சொல்லித்தானே சொன்னவன்."

"எனக்கு விளங்குது தங்கச்சி. ஆனால் அவையும் கற்பூரம் அணைச்சவையெல்லோ. நாலு பேர் அணைச்சவை. ஒரு ஆள் இப்ப நான்தான் எண்டுறான். அவையும் பிள்ளைகுட்டிக்காரர்."

வாடிக்கு இப்போது புதுப் பூட்டு என்றும் போகும்போது சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. தம்பி அதன் பிறகு கரைப்பக்கம் போகவில்லை. வேலியோரம் இருந்து எங்களுடைய பழைய வலைத்துண்டு ஒன்றின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்பான். பொத்தி முடித்ததை அறுத்துத் திரும்பப் பொத்துவதை ஒருநாள் கண்டேன்.

அந்த மாதம் புது வகுப்பில் ஒன்பதாம் பாடம் திரும்பவும் வந்தது. கோட்டில் குற்றத்தை ஏற்பதையோ மறுப்பதையோ சொல்லும் பிளீட் என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதினேன். அந்த ஆள் தான் கில்டி என்று பிளீட் பண்ணினான். கனடாவுக்குப் போகக் காத்திருக்கும் ஒரு புதுப் பெண் கையை உயர்த்தினாள். அவள் வேறு ஊர், எங்களைத் தெரியாது.

"டீச்சர், அப்ப அவர்தானே செய்தவர்?"

"அவர் கோட்டிலை அப்படிச் சொன்னவர்" என்றேன். "செய்தவரோ இல்லையோ எண்டு இந்த வசனத்திலை இல்லை."

"செய்யாமல் ஆரும் சொல்லுவினமே?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. தபாலதிபர் சிரிக்கவில்லை. அவர் தன் புத்தகத்தைப் புரட்டி, "டீச்சர், அடுத்தது உணவும் உடல்நலமும்" என்றார். அவருடைய வாழ்நாளில் அவர் எனக்குச் செய்த ஒரே உதவி அதுதான், அதற்காக அவரை நான்காம் முறையும் சேர்த்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தா. தம்பி நிலத்தில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கைப்பையை வைத்துவிட்டுக் கால் கழுவப் போனேன். திரும்பி வரும்போது அம்மா அவனுக்குப் பக்கத்தில் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. குழம்பு விடப்போகிறா என்று நினைத்தேன்.

"தம்பி" என்றா. "அம்மாவுக்கு மட்டும் சொல்லு. நீ கொண்டுவந்தனியே?"

தம்பியின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. வேலியில் ஒரு காகம் கத்திக்கொண்டிருந்தது.

"நீங்கள்தானே அம்மா சொல்லச் சொன்னனீங்கள்."

"அது கோட்டுக்கு. இது எனக்குச் சொல்லு."

அவன் எழும்பிக் கையைக் கழுவினான். சாரத்தில் துடைத்தான். சாமிப்படத்துக்குப் போய், கற்பூரப் பெட்டியில் இருந்து ஒரு கட்டியை எடுத்து, தட்டில் வைத்தான். அவனுடைய முகத்தில் கோபம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நின்ற அதே முகம், அதே அவசரமில்லாத கை.

"வேண்டாமடா" என்று அம்மா எழும்ப முடியாமல் நிலத்தில் கையை ஊன்றிக் கத்தினா. "வேண்டாம், வேண்டாம். நீ சத்தியம் பண்ணாதை."

"ஏன் வேண்டாம்?"

அம்மா நிலத்தில் அரக்கி வந்து அவனுடைய சாரத்தைப் பிடித்தா. ஏன் என்று எனக்கு விளங்கியது. அவனுக்கும் விளங்கியது. செய்யாதவன் அணைத்தால் பயப்பட என்ன இருக்கிறது.

அவன் நெருப்புப்பெட்டியைத் தேடினான். விளக்கடியில் பார்த்தான், படத்துக்குப் பின்னால் தடவிப் பார்த்தான். எப்போதும் அங்கேதான் இருக்கும். கடைசியாகத் திரும்பி என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். நெருப்புப்பெட்டி என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.